குத்தி: தக்கணத்து வழியில் ஒரு சந்திப்பு

மும்பை, புணே, சோலாப்பூர் முதலிய நகரங்களில் குடியேறி வாழும் தமிழருள் குண்டக்கல் என்னும் பெயரை அறியாதார் இலர். ஊருக்குப் போகும்போதும் ஊரிலிருந்து திரும்பும்போதும் அந்நிலையத்தில் இறங்கிக் கால் நீட்டிக்கொள்வதும், குடிநீர் பிடித்துக்கொள்வதும் நம்மில் பலருக்கு வழக்கம். ஆனால் குண்டக்கல்லுக்குக் கிழக்கே இருபத்தெட்டு கிலோமீட்டர் தொலைவில், சென்னையிலிருந்து நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் உள்ள குத்திச் சந்திப்பைப் பெரும்பாலோர் உறக்கத்திலேயே கடந்துவிடுகிறோம். விழித்திருப்போருக்கும் பலகையில் ஆங்கிலத்தில் எழுதிய பெயர் ‘கூட்டி’ என்றே ஒலிக்கும். தெலுங்கு மக்கள் வழங்கும் பெயர் குத்தி என்பதே. ஆந்திரப் பிரதேசத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது இவ்வூர்.

பகல் நேரத்தில் இவ்வழியே செல்லும் பேறு கிட்டினால், வண்டி குத்தியை நெருங்கும்போது வெளியே பார்த்தல் வேண்டும். வறண்ட சமவெளியின் நடுவே பாறைக் குன்றுகள் வட்டமாய் எழுந்து நிற்கும். குன்றுக்குக் குன்று மதில் ஓடி அவற்றை ஒன்றாகப் பிணைத்திருக்கும். அவற்றுள் உயர்ந்து நிற்பது சுற்றியுள்ள நிலத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடி உயரமுள்ள கோட்டைமலை. அதன் அடிவாரத்தில் பழைய ஊர். சற்றுத் தள்ளி ரயில் நிலையமும் அதனைச் சார்ந்து வளர்ந்த குடியிருப்பும். இரும்புப்பாதை வந்த பின்னரே இவ்வூர் சந்திப்பு ஆயிற்று என்று எண்ணுதல் பொருந்தாது. தக்கணத்திலிருந்து தமிழகத்துக்கும், மேற்கே கன்னட நாட்டிலிருந்து கீழ்க்கடற்கரைக்கும் செல்லும் வழிகள் இவ்விடத்திலே கூடின. அதனாலேயே இங்கே கோட்டை எழுந்தது. அதனாலேயே பின்னர் ரயிலும் வந்தது.

வழியின் பழைமைக்குச் சான்று, குத்தியிலிருந்து பத்திகொண்டா செல்லும் சாலையில் பதின்மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எர்ரகுடி என்னும் சிற்றூரின் அருகே ஒரு சிறு குன்றின் பாறைகளில் அசோகச் சக்கரவர்த்தி தம் ஆணைகளைப் பொறித்துள்ளார். 1929-ஆம் ஆண்டில் நிலவியல் அறிஞர் ஒருவர் இதனைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். பதினான்கு பெரும்பாறை ஆணைகளும் சிறுபாறை ஆணைகளும் ஒருங்கே அமைந்திருப்பது இதன் சிறப்பு. சிறுபாறை ஆணையில் சில வரிகள் இடமிருந்து வலமாகவும், சில வரிகள் வலமிருந்து இடமாகவும் செல்கின்றன. கல்வெட்டு அறிஞர் இதற்குப் பல காரணம் கூறுவர். எழுதியவர் ஏர் உழுவது போலத் திரும்பித் திரும்பி எழுதினார் என்று கொள்வதே நமக்கு எளிது.

ஆயினும் நம்மவர் அங்கே சென்று காண வேண்டியது வேறொன்று. இரண்டாம் பெரும்பாறை ஆணையில், தம் ஆட்சிக்கு அப்பாற்பட்ட அண்டை நாட்டவராகச் சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரை அசோகர் குறிப்பிடுகின்றார். அந்நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குக்கும் மருத்துவ உதவி ஏற்படுத்தியதையும், மூலிகைகளை நடச் செய்ததையும், வழிகளில் கிணறு வெட்டுவித்ததையும் அவ்வாணை கூறுகின்றது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், குத்திக்கு அருகே, தமிழ் வேந்தர் பெயர்கள் பாறையில் ஏறிவிட்டன. சதியபுத்திரர் யாவர் என்னும் ஐயம் நெடுங்காலம் இருந்தது. திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பையில் 1981-இல் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, அவர் அதியமான் மரபினரே என்பதைத் தெளிவாக்கிற்று.

இனிக் கோட்டையைப் பார்ப்போம். இங்குள்ள பழைய கல்வெட்டுகள் மேலைச் சாளுக்கிய வேந்தன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தவை. அவன் ஆட்சி 1076 முதல் 1126 வரை. பின்னர் விஜயநகரத்து முதலாம் புக்கன் காலத்தில் பொறித்த கல்வெட்டு ஒன்று குத்தியைக் கோட்டைகளுக்கெல்லாம் அரசென்று புகழ்ந்து, புக்கனின் ஆட்சிச் சக்கரத்துக்கு இதுவே குடம் என்று உவமை கூறுகின்றது. வண்டிச் சக்கரத்தின் ஆரைகள் யாவும் குடத்திலே வந்து பொருந்துவது போல வழிகள் இங்கே வந்து பொருந்துவதைக் கண்ட புலவன் ஒருவனே அவ்வுவமையைச் செய்திருத்தல் கூடும். விஜயநகரம் வீழ்ந்த பின் கோட்டை கோல்கொண்டா சுல்தான்களிடமும், பின் மொகலாயரிடமும் கைமாறிற்று. அக்கைமாற்றங்களை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. குத்தியின் பெயர் தென்னாடெங்கும் கேட்கத் தொடங்கியது முராரி ராவ் கோர்படே என்னும் மராட்டியத் தலைவன் காலத்திலேதான்.

இவனைத் தமிழ்நாட்டுச் சரித்திரத்திலிருந்து பிரிக்க இயலாது. 1741-ஆம் ஆண்டு மராட்டியப் படை திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டுச் சந்தா சாகிபைச் சிறைப்படுத்திச் சாத்தாராவுக்குக் கொண்டு சென்றது. அப்போது திருச்சிக் கோட்டையைக் காக்க நிறுத்தப்பட்டவன் முராரி ராவ். இரண்டு ஆண்டுகள் மலைக்கோட்டையில் அவன் கொடி பறந்தது. 1743-இல் ஐதராபாத் நிஜாம் பெரும்படையுடன் வந்தபோது அவன் திருச்சியை விட்டு நீங்கினான். அதன்பின் குத்தியே அவன் இருப்பிடமாயிற்று. மலைமேல் மதில்களைப் பழுது பார்த்து வலிமைப்படுத்தி, அங்கிருந்துகொண்டே கருநாடகப் போர்கள் ஒவ்வொன்றிலும் பங்குகொண்டான்.

பங்குகொண்டான் என்பது மரியாதையான சொல். உண்மையில் அவன் தன் குதிரைப்படையை வாடகைக்கு விட்டான் என்றே கூறவேண்டும். 1751-இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையில் ஐம்பது நாள் முற்றுகைக்குள் அகப்பட்டுக் கிடந்தபோது, முராரி ராவ் ஆறாயிரம் குதிரை வீரருடன் மேற்கு மலைச்சாரலில் காத்திருந்தான். முகம்மது அலியின் துணைக்கென அவனுக்குப் பணம் பேசியிருந்தும், எப்பக்கம் வெற்றி சாயும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். கிளைவின் கூட்டத்தார் எதிர்த்து நிற்பதைக் கண்டபின்னரே, ஆங்கிலேயர்க்குப் போர் செய்யத் தெரியும் என்று இப்போதுதான் நம்புகிறேன் என்னும் பொருள்படக் கூறிப் புறப்பட்டதாகச் சரித்திர ஆசிரியர் எழுதுவர். மராட்டியர் வருகின்றனர் என்ற செய்தியே முற்றுகையிட்டிருந்த ராஜா சாகிபை அவசரப்படுத்திற்று. நவம்பர் 14-ஆம் நாள் அவன் நடத்திய இறுதித் தாக்குதல் தோற்றது, முற்றுகை கலைந்தது. சில ஆண்டுகளுக்குள் அதே முராரி ராவ் திருச்சிக்கு அருகே பிரெஞ்சுக்காரர், மைசூரார் பக்கத்தில் நின்று ஆங்கிலேயரை எதிர்த்தான். 1768-இல் மீண்டும் ஆங்கிலேயர் பக்கம். அந்நாளைய அரசியலில் இது வியப்பன்று. மற்றவர் மறைத்துச் செய்ததை இவன் வெளிப்படையாகச் செய்தான் என்பதே வேறுபாடு.

அவனுடைய முடிவு தண்ணீரால் வந்தது. 1775-இல் ஹைதர் அலி குத்தியை வளைத்துக்கொண்டான். கீழ்க்கோட்டை விழவே, மக்களும் குதிரைகளும் மாடுகளும் மேற்கோட்டைக்குள் அடைந்தன. மலைமேல் பாறையைக் குடைந்த சுனைகளும் கிணறுகளும் பல உண்டு. ஒரு காவற்படைக்கு அவை ஆண்டு முழுதும் போதும். ஓர் ஊருக்கும் அதன் கால்நடைக்கும் போதா. சுனைகள் வற்றும் நிலையில் முராரி ராவ் சமாதானம் பேசினான். உடன்பாடும் ஆயிற்று. அந்நேரத்தில் பிணையாக ஹைதரின் பாசறைக்கு அனுப்பப்பட்ட இளைஞன், உபசாரத்தில் மயங்கி, கோட்டையில் சில நாளைக்கே தண்ணீர் இருப்பதை வாய்தவறி உரைத்துவிட்டான் என்றும், ஹைதர் உடனே உடன்பாட்டை மாற்றிவிட்டான் என்றும் மைசூர்ச் சரித்திரம் எழுதியோர் குறித்துள்ளனர். 1776-இல் கோட்டை பணிந்தது. கப்பால்துர்க்கம் என்னும் மலைச் சிறையில் முராரி ராவ் இறந்தான்.

இன்றும் கோட்டையின் உச்சியில், செங்குத்தான பாறை விளிம்பில், வழவழப்பான சுண்ணக்கல்லால் ஆகிய சிறு மண்டபம் ஒன்று உண்டு. முராரி ராவின் இருக்கை என்று அதற்குப் பெயர். அங்கே அமர்ந்து அவன் சதுரங்கம் ஆடுவான் என்பது ஊரார் வழக்கு. அவ்விடத்திலிருந்து பார்த்தால் நாற்புறமும் வழிகள் தெரியும். யார் வருகிறார், எத்தனை பேர் வருகிறார் என்பதை ஒரு நாள் முன்னதாகவே அறிந்துகொள்ளலாம். சதுரங்கம் ஆட அதைவிடத் தக்க இடம் வேறில்லை.

திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் இப்பகுதி நிஜாமின் கைக்கு வந்தது. 1800-ஆம் ஆண்டில், தம்மைக் காக்கும் ஆங்கிலப் படையின் செலவுக்கு ஈடாக நிஜாம் இதனைக் கும்பினிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ‘தத்த மண்டலம்’ என்று மக்கள் கூறலாயினர். யாரோ யாருக்கோ கொடுத்த நாடு என்னும் அப்பெயரை மக்கள் விரும்பவில்லை. 1928-இல் நந்தியாலில் கூடிய மாநாட்டில் ராயலசீமை என்னும் பெயர் ஏற்கப்பட்டது. கொடுக்கப்பட்ட நாட்டுக்கு முதல் கலெக்டராக வந்தவர் தாமஸ் மன்றோ. சேலம், தருமபுரிப் பகுதியான பாராமகாலில் 1792 முதல் ஏழு ஆண்டு நில அளவையும் வரிவிதிப்பும் கற்று வந்தவர் அவர். இடைத்தரகரை நீக்கி உழுவோனிடமே நேராகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறையை, தமிழ்நாட்டில் பழகிய அக்கையோடு இங்கே நிலைநாட்டினார்.

மன்றோவைப் புகழ்வோர் மிகப் புகழ்வர். தம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்ட குடும்பங்களும் இப்பகுதியில் இருந்தன. ஆனால் அவர் விதித்த தீர்வை கடுமையானது என்பதும் மெய். அதனை முதலில் சொன்னவரும் அவரே. 1807-இல் பதவி நீங்கும்போது தீர்வையை நூற்றுக்கு இருபத்தைந்து குறைக்க வேண்டும் என்று எழுதினார், மேலிடம் ஏற்கவில்லை. 1820-இல் அவரே சென்னைக் கவர்னராக வந்தபின்தான் அது நடந்தது. 1827-இல் தாயகம் திரும்புமுன் பழைய ஜில்லாக்களைக் கண்டு விடைபெற வந்தவரை, பத்திகொண்டாவில் ஜூலை 6-ஆம் நாள் வாந்திபேதி கொண்டுபோயிற்று. உடலைக் குத்திக்குக் கொண்டுவந்து கோட்டை அடிவாரத்து ஆங்கிலேயர் கல்லறையில் அடக்கம் செய்தனர். 1831-இல் எலும்புகள் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை மாதா கோயிலுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. சென்னையில் தீவுத்திடலருகே அங்கவடி இல்லாத குதிரைமேல் வீற்றிருக்கும் சிலையை அறிந்த நம்மவர், அச்சிலைக்குரியவரின் முதல் கல்லறை குத்தியில் இருந்தது என்பதையும் அறிந்துகொள்ளலாம்.

மன்றோ இறந்து நாற்பது ஆண்டு கழித்து ரயில் வந்தது. சென்னை ரயில்வே கம்பெனி அரக்கோணத்திலிருந்து வடமேற்காக ரேணிகுண்டா, கடப்பை, தாடிபத்ரி, குத்தி, குண்டக்கல், ஆதோனி வழியே பாதை போட்டு வந்தது. 1871-இல் ராய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த பாதையோடு அது இணைந்தது. சென்னையில் ஏறியவர் பம்பாயில் இறங்கலாம் என்னும் நிலை அன்று பிறந்தது. இன்று மும்பையில் நம்மவர் இத்தனை பேர் வாழ்வதற்கு அவ்விணைப்பும் ஒரு காரணம். நிலப்பகுதி எளிதாக இருந்தாலும் வழி எளிதன்று. வறண்ட ஓடைகள் ஓரிரவு மழையில் காட்டாறாகும். 1902 செப்டம்பரில் கடப்பைக்கும் குத்திக்கும் இடையே மங்கப்பட்டணத்தருகில் பாலம் வெள்ளத்தில் அடித்துப் போனதை அறியாது வந்த மெயில் வண்டி வீழ்ந்து பலர் மாண்டனர்.

பாதை வந்த ஐந்தாம் ஆண்டிலேயே பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தைத் தாதுவருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்நாளில் குத்தி பெல்லாரி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1871-க்கும் 1881-க்கும் இடையே அந்த ஜில்லா தன் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்தது. சென்னைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய அரிசி இப்பாதை வழியாகத்தான் மேலே வந்தது. ஒற்றைப் பாதையில் எஞ்சினும் வண்டியும் போதவில்லை. வந்து சேர்ந்த மூட்டைகளை நிலையத்திலிருந்து உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்ல மாடுகளும் இல்லை. மாடுகள் முன்னமே மடிந்துவிட்டன. ஆகவே கிராமங்கள் நிலையத்தை நோக்கி நடந்தன. ரயில் பஞ்சத்தைத் தடுத்ததா என்று கேட்டால், ரயில் இருந்த இடத்தில் சிலர் பிழைத்தனர், இல்லாத இடத்தில் பிழைக்கவில்லை என்பதே விடை.

இப்பஞ்சம் ஓய்ந்த சில ஆண்டுகளுக்குள் வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து ஓர் இளைஞர் குத்திக்கு வந்து வழக்குரைஞராக அமர்ந்தார். 1860-இல் பிறந்த அவர் பெயர் கேசவ பிள்ளை. திவான் பகதூர் கேசவ பிள்ளை என்று பின்னர் நாடறிந்தவர். பிழைப்புக்காக வேற்றுமொழி நாட்டுக்குச் சென்ற தமிழர் வரலாற்றில் அவருக்குத் தனி இடம் உண்டு. தம் ஊரைக் குத்தி என்றே அவர் கொண்டார். வழக்காடுவதோடு ‘தி ஹிந்து’ பத்திரிகைக்கு இப்பகுதியிலிருந்து செய்தி எழுதினார். குடியானவர் குறை, வரி, காடு, தண்ணீர் ஆகியவையே அவர் எழுத்துக்குப் பொருள். 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டுப் பிரதிநிதிகளுள் அவரும் ஒருவர்.

அவர் பெயரை நிலைநிறுத்திய நிகழ்ச்சி குண்டக்கல்லில் 1893 அக்டோபர் 4-ஆம் நாள் நடந்தது. ரயில்வே கேட்டைக் காத்துவந்த ஹம்பண்ணா என்னும் ஏழையிடம், ஐரோப்பியச் சிப்பாய்கள் துரத்திவந்த இரு பெண்கள் ஓடிவந்து அடைக்கலம் புகுந்தனர். அவர் அவர்களை உள்ளே விட்டு வாயிலில் நின்றார். சிப்பாய் ஒருவன் சுட்டான், ஹம்பண்ணா இறந்தார். ஒரு கேட்காரனின் சாவு அந்நாளில் ரயில்வே கணக்கில் ஒரு வரியாக முடிந்திருக்கும். கேசவ பிள்ளை அதனை அப்படி முடிய விடவில்லை. சென்னைப் பத்திரிகைக்கு விரிவாக எழுதினார். வழக்கு நடக்கும்வரை விடாது எழுதினார். குற்றம் சாட்டப்பெற்ற சிப்பாய் விடுதலையானான். அதன்பின் மக்களிடம் பணம் திரட்டி ஹம்பண்ணாவுக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. நீதிமன்றம் எழுதாததை அக்கல் எழுதிற்று: இரண்டு பெண்களைக் காக்க நின்று ஐரோப்பியச் சிப்பாயால் சுடப்பட்டு இறந்தவர் இவர் என்று. குண்டக்கல்லில் வண்டி நிற்கும் நேரத்தில் நம்முள் எத்தனை பேர் அப்பெயரை நினைத்திருப்போம்?

கேசவ பிள்ளை பின்னர் சென்னைச் சட்டசபையில் பல ஆண்டு இருந்தார். 1922-இல், தம் அறுபத்திரண்டாம் வயதில், ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் நிலையை நேரில் கண்டறிய, இந்தியத் தூதுக்குழு ஒன்றுடன் தென்னமெரிக்காவிலுள்ள பிரிட்டிஷ் கயானாவுக்குக் கப்பலேறினார். அங்குக் கூலிகளாகப் போனவருள் தமிழரும் உண்டு. 1933-இல் அவர் காலமானார்.

1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரியும்வரை குத்தி சென்னை மாநிலத்து ஊராகவே இருந்தது. ரயில் நிர்வாகமும் அவ்வாறே. சென்னை ரயில்வே 1908-இல் சென்னை-தென் மராட்டா ரயில்வேயாகவும், 1951-இல் தெற்கு ரயில்வேயாகவும் மாறிற்று. 1956-இல் அமைந்த குண்டக்கல் கோட்டம் 1977-இல் தென் மத்திய ரயில்வேக்குச் சென்றது. இத்தனை ஆண்டுகளில் எஞ்சின் ஓட்டவும், கணக்கெழுதவும், சமிக்ஞை காட்டவும் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இப்பக்கத்திலேயே தங்கிவிட்டன. நாளடைவில் குத்தியிலிருந்து தெற்கே அனந்தப்பூர், தர்மாவரம் வழியாகப் பெங்களூருக்கும், வடக்கே பெண்டேகல்லு, டோன் வழியாகக் கர்நூல், ஐதராபாத் பக்கத்துக்கும் பாதைகள் அமைந்தன. கன்னியாகுமரியிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையும் ஊரைத் தொட்டே செல்கின்றது. புக்கனின் புலவன் சொன்ன சக்கரக்குடம் இன்னும் சுழல்கின்றது.

ஒரு நாள் இறங்கிப் பார்க்க விழைவோர் காலை வெயில் ஏறுமுன் கோட்டை ஏறுதல் நன்று. கோடையைத் தவிர்த்தல் அதனினும் நன்று. வாயில் பதினைந்து கடந்து உச்சி சேர இரண்டு மணி நேரம் ஆகலாம். உச்சியில் களஞ்சியம், மருந்துக் கிடங்கு, உடற்பயிற்சிக் கூடம் முதலியவற்றின் சிதைவுகள் உள்ளன, கடையேதும் இல்லை. பிற்பகலில் எர்ரகுடிக்குச் சென்று வரலாம். சாய்ந்த வெயிலில்தான் பாறை எழுத்து நன்கு தெரியும். இன்னொரு நாள் தங்க இயலுமாயின், இதே பாதையில் கிழக்கே தாடிபத்ரியில், பெண்ணையாற்றின் கரையில் விஜயநகரத்தார் எழுப்பிய புக்க ராமலிங்கேசுவரர் கோயிலும் சிந்தல வெங்கடரமணர் கோயிலும் உள்ளன. கருங்கல்லில் இவ்வளவு நுண்வேலை தமிழகத்துக் கோயில்களிலும் அரிது என்றே கூறத் துணிவோம். மேற்கே குண்டக்கல்லுக்கு அருகில் காசாபுரத்து ஆஞ்சனேயர் கோயிலுக்குச் சனிக்கிழமைகளில் கூட்டம் மிகுதி. தெற்கே வஜ்ரகரூர்ப் பக்கத்து நிலங்களில் முதல் மழை பெய்தவுடன் குடும்பம் குடும்பமாக மக்கள் குனிந்து வைரம் தேடுவதையும், ஜூன் மாதத்தில் செல்வோர் காணலாம்.

கோட்டை ஏறுவோர் தண்ணீரைக் கீழேயே நிறைத்துக்கொண்டு போதல் வேண்டும். சுனைகள் இருக்கின்றன, அவற்றின் நீர் இக்காலத்தில் குடிப்பதற்கு உரியதன்று.